அந்த வெந்நீர் உன் காலடியில் ஓடட்டும்

மக்களே,

நீ அனுப்பிய வீட்டு பிளானை உன் அம்மா போனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். ஆயுசில் பாதிக்குமேல் திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பைப் கடையில் உட்கார்ந்தவன் நான். பைப் ஓடுகிற கோடு எது, கரண்டு ஓடுகிற கோடு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கீழ்த்தளத்தில், 'அப்பா அம்மா' என்று எழுதியிருக்கிற அறைக்குள் மட்டும் ஒரு சிவப்புக் கோடு, முறுக்குப் பிழிந்த மாதிரி வளைந்து வளைந்து போய்த் திரும்பி வருகிறது. அதே தளத்தில் நீயும் வித்யாவும் படுக்கப்போகிற அறையில் அந்தக் கோடு இல்லை. அம்முவின் அறையிலும் இல்லை. கேட்டதற்கு, கனடாவில் மண் உறைவதற்கு முன்னால் தரைக்குக் கான்கிரீட் போட்டாக வேண்டும், அதற்குள் ஓர் அறைக்குத்தான் வெந்நீர் பைப் பதிக்க முடியும், மற்ற அறைகளுக்கு வழக்கம்போல சூடான காற்றை ஊதுகிற மெஷின்தான் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். வருகிற வாரம் கான்கிரீட். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், இல்லாவிட்டால் அழுவாய். உன் அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்து, நானே படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட வேண்டும்.

சுற்றி வளைக்கவில்லை. பைப் ஓர் அறைக்குத்தான் என்றால் அது எங்கள் அறையாக இருக்கக் கூடாது, உன் அறையாக இருக்கட்டும். அப்பா எப்போதும்போலக் குறுக்கே விழுகிறார் என்று நினைக்காதே. அந்தத் தரைச்சூடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது அருமையான ஏற்பாடு, அதற்கு நானே சாட்சி. ஆனால் அது வேண்டியது எங்களுக்கு இல்லை. எங்கள் அறைக்குத்தான் என்று நீ ஒற்றைக் காலில் நிற்பதாக வித்யா சொன்னாள். ஒற்றைக் காலில் நிற்பதைப் பற்றி என்னிடம் கேள் மக்களே, எனக்குத்தான் அனுபவம் உண்டு. ரொம்ப நேரம் நிற்க முடியாது.

முதன்முதலில் நீ தரைக்குள் பைப் என்று சொன்னபோது எனக்குப் பயம் வந்தது உண்மைதான். கடைக்கு வருகிற ஒவ்வொரு பிளம்பரிடமும் நான் ஓதியது ஒரே மந்திரம், தரைக்குள் ஜாயின்ட் வைக்காதே என்று. கரமனையில் ஒரு வாத்தியார் வீட்டில் அதை மீறினார்கள். மொசைக் போட்ட மறுவருஷமே தரை வியர்க்க ஆரம்பித்தது. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் ஹாலில் பாதியை உடைத்தார்கள். நீ அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய், என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து நீயும் பார்த்தாய். பைப் என் கடையில் வாங்கியது, ஜாயின்ட் போட்டது வேறு எவனோ. ஆனாலும் அந்த வாத்தியாரின் சம்சாரம் உடைந்த தரையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்து, ரொம்ப நாள் அந்தத் தெரு வழியாகவே நான் போகவில்லை. அதனால்தான் உன்னையும் கேள்விமேல் கேள்வி கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். ஒரு அறைக்கு ஒரே நீளப் பைப்தான், நடுவில் ஜாயின்ட் கிடையாது, இரண்டு முனையும் தரைக்கு மேலே, சுவரில் இருக்கிற பெட்டிக்கு வந்துவிடும், அடியில் தெர்மோகோல் மாதிரிக் கெட்டி அட்டை போட்டு அதன்மேல்தான் பைப்பை விரிப்பார்கள் என்று. அப்படியானால் சரி. ஆனால் ஒன்று. கான்கிரீட் போடும்போது பைப் காலியாக இருக்கக் கூடாது. அழுத்தம் ஏற்றி, மீட்டரை மாட்டிவைத்துவிட்டுத்தான் கான்கிரீட்டைக் கொட்டச் சொல். எவனாவது கம்பியால் குத்திவிட்டால் முள் இறங்கும், அப்போதே தெரிந்துவிடும். நீயே பக்கத்தில் நின்று பார். ஆபீஸ் இருக்கிறது என்று சொல்லாதே.

இனி அந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன். நீயும் நானும் அதைப் பற்றி இதுவரை நேராகப் பேசியதில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அம்மு பிறந்திருந்த நேரம், நாங்கள் இரண்டு பேரும் அங்கே வந்தோம். நீங்கள் அப்போது இருந்த வாடகை வீட்டில் மூலைக்கு மூலை தரையில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு கம்பி மூடி. அதிலிருந்து குபுகுபு என்று காற்று வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுபோகும், மறுபடி வரும். உட்கார்ந்தால் தலை வேகும், கால் வேகாது, ஒரு பக்கம் மட்டும் வெந்த தோசை மாதிரி. உன் அம்மாவுக்கு மூக்கு காய்ந்து ரத்தம் வந்தது. குழந்தைக்கு ராத்திரியெல்லாம் இருமல். ஒவ்வொரு தடவை மெஷின் ஓடத் தொடங்கும்போதும் தொட்டிலில் அம்மு திடுக்கிட்டு விழிப்பாள். நீயோ, வீட்டுக்குள் கம்பளிச் சாக்ஸ் போடுங்கள், செருப்பு போடுங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னாய். நாங்கள் கேட்கவில்லை. சாமி படம் வைத்திருக்கிற வீட்டுக்குள் செருப்பா? இங்கே திருவனந்தபுரத்தில் டாக்டர் பல தடவை சொல்லியிருந்தார், சுகர்காரன் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று. அவரிடமும் தலையாட்டிவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். வலியசாலையில் நம் வீட்டுத் தரை வெயில் காலத்தில் குளிர்ந்து கிடக்கும், அதில் வெறுங்காலோடு நடக்கிறதுதான் நமக்கு சுகம். தரை என்றால் அதுதான் என்று பழகிய காலை அந்தப் பனிக்கட்டித் தரைக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவிலேயே இருந்த கொல்லத்துக்காரி நர்ஸ் ஷைலா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? வாசலிலேயே அவள் சிரித்துக்கொண்டு, "அங்கிளே, ஷூஸொக்கெ அவிடெ ஊரிக்கோ, இவிடெ வெறும் காலோடெ நடக்காம்" என்றாள். ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடே நடக்கலாமாம். உள்ளே போனால் சத்தமே இல்லை. காற்று ஊதுகிற ஓட்டை இல்லை, ஜன்னலுக்கு அடியில் சூடாக்குகிற இரும்புப் பெட்டி இல்லை. ஆனால் வீடு முழுக்க ஒரே மாதிரி இதம். தரைக்கு அடியில் பைப்பில் வெந்நீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். கொதிக்கிற தண்ணீர் இல்லை, குளிக்கிற வெந்நீர் அளவுதான். மேலே தரையில் வந்து சேரும்போது, வெயில் தாழ்ந்த பிறகு நம் மொட்டைமாடியில் கால் வைத்தால் இருக்குமே, அந்த அளவு. உன் அம்மா வந்து இறங்கின நாளிலிருந்து முதல் தடவையாகச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அம்முவைத் துணி விரித்துத் தரையிலேயே போட்டாள், குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டு அசந்து தூங்கிவிட்டது. "ஏங்க, தரை எப்பிடி இளஞ்சூடா இருக்கு பாத்தேளா? நம்ம ஊருக்கு வந்த மாதிரில்லா இருக்கு" என்றாள். நான் "ஆமா ஆமா" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை மக்களே. இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கின்றன, தரை சூடா குளிர்ச்சியா என்று அவை எனக்குச் சொல்லவில்லை. எதையோ கீழே போட்டுவிட்டு எடுக்கிற மாதிரிக் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். அப்போதுதான் இளஞ்சூடு தெரிந்தது. எல்லாரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடி பாதத்தை அழுத்தி வைத்துப் பார்த்தேன்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் எதற்கு என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் என் கால்விரல்கள் நீலம் பாய்ந்து கிடப்பதை நீ பார்த்துவிட்டு, கடைக்கு ஓடிப்போய் ஒரு சின்ன ஹீட்டர் வாங்கிவந்து என் நாற்காலிக்கு முன்னால் வைத்தாய். அதில் ஒரு குற்றமும் இல்லை. எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்வான். மறுநாள் மத்தியானம், நீ ஆபீசில், பெண்கள் இருவரும் குழந்தையோடு உள் அறையில். நான் காலை அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன். பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கம் என்று என் கால் எனக்குச் சொல்லவில்லை. கருகின வாடை வந்தபோது அடுப்பில் ஏதோ பிடிக்கிறது என்று நினைத்து உன் அம்மாவைத்தான் சத்தம் போட்டேன். அவள் ஓடிவந்து பார்த்தது என் காலை. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஷைலா வந்து கட்டுப் போட்டாள், ஊருக்குத் திரும்பினோம், ஆறவில்லை, முதலில் விரல்கள் போயின, பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும் போயிற்று. நீ அந்த ஹீட்டரைத் தூக்கிக் குப்பையில் எறிந்ததாகவும், இன்றைக்கும் எங்காவது ஒரு ஹீட்டரைப் பார்த்தால் உன் முகம் மாறிவிடுவதாகவும் வித்யா சொன்னாள். இந்த வீட்டில் எங்கள் அறைக்கு மட்டும் நீ ஏன் பைப் போடுகிறாய் என்பது எனக்குத் தெரியாதா? அது சூடுக்காகப் போடுகிற பைப் இல்லை. பிராயச்சித்தத்துக்குப் போடுகிற பைப். செய்யாத குற்றத்துக்கு யாராவது பிராயச்சித்தம் செய்வார்களா?

சரி, இப்போது உன் காலுக்கு வருகிறேன். என் ஆபரேஷனுக்கு நீ வந்திருந்தாய். ஆஸ்பத்திரிக்கு வெளியே மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். உன் வலது காலில் செருப்பு இல்லை. மழைச் சேற்றோடு வெறுங்காலாக நிற்கிறாய், உனக்கே தெரியவில்லை. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார், அப்பா நினைப்பில் பிள்ளைக்குத் தன் நினைப்பே இல்லை என்று. நீயும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்த் தேடி எடுத்துவந்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் தொடங்கியது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, வாசலுக்கு வந்து கழற்றும்போதுதான் கண்டுபிடித்தேன். அந்தப் பயணத்தில் இன்னொன்றும் பார்த்தேன். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றாய். உன் பையில் நான் சாப்பிடுகிற அதே மாத்திரைப் பட்டை இருந்தது. நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது, சுகர் என்று சொன்னாலும் ஒன்றும் ஆகாது. என்னிடம் நீ மறைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. வருத்தம்தான். சொத்து என்று பெரிதாக ஒன்றும் வைக்காமல், கேட்காமலே இதை உனக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன், அந்தத் தரை உனக்குத்தான் வேண்டும். நாம் வீட்டுக்குள் செருப்பு போடாத ஆட்கள், எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் நம்மை விடாது. சாக்ஸ் போடுங்கள் என்று நீ என்னிடம் மன்றாடினாயே தவிர, நீயே வெறுங்காலோடுதான் நடந்தாய், நான் பார்க்கவில்லையா? தரை ஒரே மாதிரி இதமாக இருந்தால் காலைச் சூடாக்க ஹீட்டர் தேட மாட்டாய், வெந்நீர்ப் பை தேட மாட்டாய். உணர்ச்சி குறைந்த காலுக்கு முன்னால் சுடுகிற பொருள் என்று எதுவுமே அந்த அறையில் இருக்காது, அதுதான் பெரிய விஷயம். காற்று ஊதாததால் தூசி பறக்காது, அம்முவின் இருமலுக்கு நல்லது. சத்தம் கிடையாது. கட்டிலை எந்த மூலையில் வேண்டுமானாலும் போடலாம். கரண்டு போனாலும் கான்கிரீட் பிடித்துவைத்த சூடு சட்டென்று இறங்காது என்று ஷைலா வீட்டுக்காரர் சொன்னார். குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். சூடு ஏற நேரம் எடுக்கும். பொறுமை இல்லாமல் திருகிக்கொண்டே இருக்காதே, உனக்கு அந்தப் புத்தி உண்டு. ஒரு அளவில் வைத்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும். அதன்மேல் கனமான கம்பளம் விரித்தால் சூடு அடியிலேயே கிடக்கும். தரையில் எக்காரணம் கொண்டும் ஆணி அடிக்காதே, துளை போடாதே. முக்கியமாக, தரை சூடாக இருக்கிறதே என்று வெறுங்காலோடு நடக்காதே. மெல்லிசாக ஒரு வீட்டுச் செருப்பு போடு. சாமி கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் என்னிடம் வரச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

நீங்கள் வந்தால் அந்தக் குளிரில் என்ன செய்வீர்கள் என்று கேட்பாய். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் வேறு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. நாங்கள் வரமாட்டோம். எனக்குக் கிட்னி இரண்டும் ஓய்ந்துவிட்டன. தீபாவளி கழிந்ததும் டயாலிஸிஸ் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வாரத்தில் மூன்று நாள், அதற்கு முடிவு என்று ஒன்று இல்லை. பிளேனில் உட்கார்ந்து வருகிற காரியம் இனி எனக்கு இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும் என்கிறாள். பிளானைப் பார்க்கும்போது அவள் அந்த அறையின் ஜன்னலைக் காட்டி, இங்கேயிருந்து பார்த்தால் மரம் தெரியும் என்று எனக்குச் சொன்னாள். வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஜன்னல் பார்க்கிறாள். சத்தியத்தை மீறிவிட்டேன், ஆனால் சொல்லாமல் இருந்தால் கான்கிரீட் காய்ந்துவிடும். பிறகு அதை உடைத்து மாற்ற முடியாது. கரமனை வாத்தியார் வீட்டைப் பார்த்தவன் நீ.

உடனே டிக்கெட் போட்டு ஓடிவராதே. கான்கிரீட் நாளில் நீ அங்கே நிற்க வேண்டும். எனக்குக் கவலையாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இங்கே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, வீட்டுக்குள் எல்லாம் ஈரம், கட்டை வைத்த காலில் இல்லாத விரல்கள் வலிக்கின்றன. இருந்தபோது வலிக்காத விரல்கள், போன பிறகு வலிக்கின்றன. யாரிடம் இதைச் சொல்வது? சாயங்காலமானால் மனசு கீழே கீழே போகிறது. உன் அம்மா தேங்காய் துருவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது நின்றால் பயமாக இருக்கும். இதெல்லாம் வயசானால் வருவது. உனக்கு வரவேண்டியது இல்லை, அல்லது இத்தனை சீக்கிரம் வரவேண்டியது இல்லை.

காண்ட்ராக்டரிடம் இன்றைக்கே பேசி, பைப் போகிற அறையை மாற்றச் சொல். கோடு போட்ட படத்தில் 'அப்பா அம்மா' அறையில் இருக்கிற அந்தச் சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு உன் அறைக்குள் வரை, அம்முவின் சின்னக் கட்டிலையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு காரியம் செய். வித்யாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல். நீ கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள். ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து உன் கால்விரல்களை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், வரிசை மாற்றி மாற்றித் தொடச் சொல். எந்தக் கால், எந்த விரல் என்று நீ சொல்ல வேண்டும். ஊகித்துச் சொல்லாதே, நான் டாக்டரிடம் ஊகித்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகச் சொன்னால் அம்மாவுக்குப் போன் பண்ணு, அவள் சந்தோஷப்படட்டும். ஒன்று தப்பாகிப் போனாலும் அவளிடம் சொல்லாதே. எனக்குச் சொல். திட்டமாட்டேன்.

அப்பா